பொறி மாறினும் படம் மாறாதிருக்க

தேசப்படம் என்பது காகிதத்தில் மையினால் வரையப்படுவதொன்று என்றே நம் முன்னோர் கொண்டனர். இன்று அது பெரும்பாலும் கணினிக்குள்ளே இருக்கின்றது. கனடா தேசத்தில் ரொஜர் ரொம்லின்சன் என்பார் 1960களில், அத்தேசத்து நிலவளங்களை ஆராயும் பொருட்டு, படங்களைக் கணினியில் இட்டு ஒப்பிடும் முறையொன்றை வகுத்தார். புவியியல் தகவல் முறைமை என இன்று வழங்கும் கலைக்கு அது முதற்படியாயிற்று. அன்று பெரிய மண்டபத்தில் நின்ற பொறிகள் செய்த வேலையை இன்று நம் மாணாக்கன் ஒருவன் வகுப்பறை மேசையிலிருந்து செய்கின்றான். தன் ஊரின் கிணறுகளையும் குளங்களையும் ஒழுங்கைகளையும் குறித்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதி, நிறந் தீட்டி அச்சிடுகின்றான்.

இங்ஙனம் வரைந்த படம் சில ஆண்டுகள் கழித்தும் திறக்குமா? திறந்தால், வரைந்தவாறே தோன்றுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியின் பணிசெயல் முறைமை காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றது. விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14இல் நிறுத்தியது. அதனையொட்டிப் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் வீடுகளிலும் பலர் விண்டோஸ் 11க்கு மாறலாயினர். மாறியபின் படம் வரையும் செய்நிரலை இயக்கப் புகுவோர், முன்னர் இல்லாத பல இடர்களைச் சந்திக்கின்றனர். அவ்விடர்கள் எத்தன்மையன, எவ்வாறு தீர்க்கத்தக்கன என்பவற்றை நாம் முறையாக நோக்குவோம்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டென்பதை உறுதி படித்தோர் யாவரும் அறிவர். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் பின்வந்த உறுதிகளிலும் அப்பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. வயலுக்கும் வளவுக்கும் துரவுக்கும் வழங்கிய அப்பெயர்களுள் பெரும்பாலானவற்றை அச்சிட்ட தேசப்படங்களிற் காண்டல் அரிது. முதியோர் வாயிற் கேட்டு மாணாக்கர் எழுதிக் கணினியில் இடும் படங்களே அவற்றுக்கு இருப்பிடமாகும். அப்பெயர்கள் பழுதுபடுமாயின் அது மொழிக்கு நேரும் இழப்பு. ஆதலின் இது நம் வேலையுமாகும்.

பணிசெயல் முறைமையின் தொழில்

முற்காலத்தில் ஊர்க்காரியம் யாவும் மணியகாரர் வழியாகவே அரசாங்கத்துக்குச் சென்றன. அதுபோன்று, செய்நிரல் தானே வட்டில் எழுதுவதுமில்லை. தானே திரையிற் கீறுவதுமில்லை. கோப்பைத் திற, கோடு கீறு, எழுத்தைக் காட்டு என்று பணிசெயல் முறைமையிடமே கேட்கும். மணியகாரர் மாறினால் விண்ணப்பம் எழுதும் முறையும் மாறுவதுண்டு. பழைய முறையிலே எழுதிய விண்ணப்பத்தைப் புதியவர் ஏற்றுக்கொள்ளாது விடுதலும் உண்டு. முறைமை புதுப்பிக்கப்பட்டபின் பழைய செய்நிரல் இயங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதில் எண் ஒன்றும் அறியற்பாலது. செய்நிரல்கள் 16 பிட், 32 பிட், 64 பிட் என வகுக்கப்படும். பொறி ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அகலத்தை இவை குறிக்கும். 64 பிட் விண்டோஸ் முறைமையில் 32 பிட் செய்நிரல் இயங்கும். 16 பிட் செய்நிரல் இயங்காது. விண்டோஸ் 10க்கு 32 பிட் பதிப்பும் இருந்தது. விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வந்துள்ளது. இவ்வொரு மாற்றத்தினால் மட்டுமே சில பழைய செய்நிரல்கள் வாசலிலே தடுக்கப்பட்டன.

புதுப்பித்தலின் பின் நேரும் குறைகளை நால்வகையாகப் பிரிக்கலாம். செய்நிரல் தொடங்காமை ஒன்று. படைகள் காணாமற் போதல் ஒன்று. இடம் பெயர்தல் ஒன்று. பெயர் சிதைதல் ஒன்று. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலாவது: செய்நிரல் தொடங்காமை

1990களில் எஸ்ரி நிறுவனத்தார் வெளியிட்ட ஆர்க்வியூ 3 என்னும் செய்நிரல் பல நாடுகளிற் பெரிதும் பயன்பட்டது. அச்செய்நிரல் 32 பிட் வகையினது. ஆனால் அதனைக் கணினியில் அமர்த்தும் நிறுவுநிரலோ 16 பிட் வகையினது. ஆகவே 64 பிட் முறைமையில் அதனை நிறுவ முயன்றோர்க்கு முதற்படியிலேயே மறுப்புக் கிடைத்தது. உள்ளே வரக்கூடிய விருந்தினர், கதவு திறப்பவன் இல்லாமையால் வெளியே நின்றதனை ஒக்கும் இது. முன்னரே நிறுவப்பட்ட பழைய கணினியிலிருந்து கோப்புறையை முழுதாகப் பெயர்த்துச் சிலர் இயக்கியும் கொண்டனர். எனினும் அது நெடுங்காலம் நம்பத்தக்க வழியன்று.

அப்பிள் கணினிகளிலும் இதற்கொத்த நிகழ்ச்சி உண்டு. 2019 ஒக்ரோபரில் வெளிவந்த கட்டலீனா என்னும் முறைமை 32 பிட் செய்நிரல்களை முற்றாக விலக்கிவிட்டது. முதனாள் இயங்கிய செய்நிரல் மறுநாள் இயங்காது நின்றது.

இன்று நம் மாணாக்கர் மிகுதியும் கையாள்வது கியூஜிஐஎஸ் என்னும் செய்நிரல். கரி சேர்மன் என்பார் 2002இல் இதனைத் தொடங்கினார். விலையின்றிக் கிடைப்பதாலும், மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதாலும், முறைமை மாறுந்தோறும் அதற்கேற்ற புதிய பதிப்பு வருகின்றது. அதன் 3.20ஆம் பதிப்பு முதலாக விண்டோஸ் முறைமைக்கு 64 பிட் வடிவமே வெளியிடப்படுகின்றது. 2018இல் வந்த 3.0ஆம் பதிப்பிலே பைதன் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பை விட்டு மூன்றாம் பதிப்புக்கு மாறினர். அதனால் முந்திய பதிப்புக்கென எழுதிய துணைநிரல்கள், திருத்தி எழுதப்பட்டாலன்றி இயங்காவாயின.

இக்குறைக்கு மூன்று பரிகாரங்கள் உள. புதிய முறைமைக்குரிய பதிப்பை நிறுவுதல் முதலாவது. அதே தரவை வாசிக்க வல்ல வேறொரு செய்நிரலை எடுத்துக்கொள்ளல் இரண்டாவது. மூன்றாவது, புதிய கணினிக்குள்ளே பழைய முறைமையைக் கொண்ட மாயப்பொறியொன்றை அமைத்து, அதற்குள் பழைய செய்நிரலை இயக்குதல். மாயப்பொறிக்குள் இருக்கும் பழைய முறைமைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆதலின் அதனை இணையத்தோடு தொடுத்தல் ஆகாது. படங்களை வெளியே எடுத்துப் புதிய வடிவுக்கு மாற்றும் மட்டும் அதனைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இரண்டாவது: படைகள் காணாமற் போதல்

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாற்போல, வீதி ஒரு தாளிலும் குளம் ஒரு தாளிலும் கிணறு ஒரு தாளிலுமாகக் கணினிப்படம் அமையும். ஒவ்வொரு தாளையும் படை என்பர். செய்நிரலில் நாம் சேமிக்கும் செயற்றிட்டக் கோப்பிலே அப்படைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்னும் முகவரியும், எந்நிறத்தில் எவ்வரிசையில் காட்டவேண்டும் என்னும் கட்டளையுமே அதிலுண்டு. இதனை அறியாத மாணாக்கன் செயற்றிட்டக் கோப்பை மட்டும் பெயர்த்துக்கொண்டு, படம் முழுவதையும் எடுத்துவிட்டதாகக் கருதுவான். புதிய முறைமையில் திறக்கும்போது, படைகள் கிடைக்கவில்லை என்னும் பட்டியலே தோன்றும்.

முகவரி இருவகைப்படும். வட்டின் பெயர் முதலாக முழுவதும் எழுதிய முகவரி ஒன்று; செயற்றிட்டக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து எண்ணும் சார்பு முகவரி மற்றொன்று. முன்னையது வட்டின் பெயரோ பயனர் பெயரோ மாறியவுடன் பிழைபடும். பின்னையது கோப்புறை முழுவதும் ஒன்றாகப் பெயர்ந்தால் பிழைபடாது. கியூஜிஐஎஸ் செயற்றிட்டங்களிற் சார்பு முகவரியே இயல்பாக அமையும். ஆயினும் செயற்றிட்டத்தின் பண்புகளுட் சென்று அதனை உறுதிசெய்துகொள்ளல் நன்று.

ஷேப் என்னும் கோப்பு வகையிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. ஆர்க்வியூ காலத்திற் பிறந்து, அதன் அமைப்பை எஸ்ரி நிறுவனத்தார் 1998இல் வெளியிட்டமையால், அது பல செய்நிரல்களுக்கும் பொதுவாயிற்று. பெயரளவில் ஒரு கோப்பாயினும் அது குறைந்தது மூன்று கோப்புகளின் கூட்டமாகும். வடிவங்களைக் கொண்டது எஸ்எச்பி. அவ்வடிவங்களுக்குச் சுட்டியாக நிற்பது எஸ்எச்எக்ஸ். பெயர் முதலிய விவரங்களின் அட்டவணை டிபிஎவ். சுட்டிக் கோப்புத் தவறினால் மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். அட்டவணை தவறினாலோ கிணறு இருக்கும். அதன் பெயரும் ஆழமும் இரா. ஆகையால் ஒரே பெயருடைய கோப்புகள் யாவற்றையும் பிரியாது பெயர்த்தல் வேண்டும்.

மூன்றாவது: இடம் பெயர்தல்

மேற்கூறிய மூன்றோடு நான்காவதாகப் பிஆர்ஜே என்னும் சிறு கோப்பும் வருவதுண்டு. படத்தின் ஆள்கூறுகள் எந்த எறியத்தின்படி, எத்தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டன என்பதை அது கூறும். அது இல்லாவிடினும் படம் திறக்கும். ஆனால் எங்கே திறக்கும் என்பதுதான் வினா.

நம் நாட்டுப் படங்களையே உதாரணமாகக் கொள்வோம். பழைய இலங்கை வலையமைப்பு கந்தவல என்னும் இடத்தை அடிப்படைப் புள்ளியாகக் கொண்டது. (கிளிநொச்சிப் பகுதியிலுள்ள கண்டாவளை அன்று இது, நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ளது.) அவ்வலையமைப்பின் நடுப்புள்ளி பீதுருதாலகாலை மலையோடு ஒட்டி அமைந்தது. அப்புள்ளிக்குச் சுழியம் என்று எண் கொடுத்தால், அதற்கு மேற்கிலும் தெற்கிலுமுள்ள இடங்கள் யாவும் மறை எண் பெறும். அதனைத் தவிர்க்க, கிழக்கே 200,000 மீற்றர், வடக்கே 200,000 மீற்றர் என அதற்கு எண் அளித்தனர். 1999இல் வகுத்த புதிய வலையமைப்பிலே அதே நடுப்புள்ளிக்கு 500,000, 500,000 என எண் அளிக்கப்பட்டது.

பழைய எண்களைக் கொண்ட படையொன்று, அடையாளக் கோப்பை இழந்து, புதிய வலையமைப்பினதாகக் கொள்ளப்பட்டால் யாது நிகழும்? ஒவ்வொரு புள்ளியும் 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் தள்ளிச் சென்று, நடுநாட்டு மலைகள் இந்து சமுத்திரத்தில் வீழும். இப்பிழை பெரிதாதலின் கண்ணுக்கு உடனே தெரியும். இதனினும் கொடியது சிறு பிழை. புவியின் வடிவத்தைக் குறிக்கும் அடிப்படை வேறாக, வலையமைப்பின் எண் மட்டும் பொருந்திவிட்டால், புள்ளிகள் சில நூறு மீற்றர் அளவே விலகும். திரையில் நாடு முழுவதையும் காண்போன் அதனை உணரான். ஊரிலோ அது ஒருவர் கிணற்றை மற்றொருவர் வளவில் வைத்துவிடும்.

புதுப்பித்தலோடு இக்குறை தொடர்புறுவது இரு வழிகளால். பெயர்க்கும்போது அடையாளக் கோப்பு விடுபடுதல் ஒரு வழி. மற்றொன்று, எறிய அட்டவணை தடுமாறுதல். கியூஜிஐஎஸ் முதலிய செய்நிரல்கள் புரோஜ் என்னும் நிரற்றொகுதியின் அட்டவணையைக் கொண்டே ஆள்கூறுகளைக் கணக்கிடுகின்றன. அட்டவணை இருக்கும் இடத்தைக் குறிக்கும் சூழல் மாறியொன்றை, அதே கணினியில் நிறுவப்பட்ட வேறொரு செய்நிரல் தன் வசதிக்கேற்ப மாற்றி வைப்பதுண்டு. புதிய முறைமையில் செய்நிரல்களை மீண்டும் நிறுவும்போது இது நேருதல் கூடும். அப்பொழுது அட்டவணை காணப்படவில்லை அல்லது பதிப்புப் பொருந்தவில்லை என்ற செய்தி எழும். அச்செய்தியைப் புறக்கணித்து மேற்செல்லலாகாது.

மாணாக்கர் ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்தல் வேண்டும். படைக்கு இன்ன வலையமைப்பு என்று பெயர் சூட்டுவது ஒன்று; ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு எண்களை மாற்றிக் கணிப்பது வேறொன்று. முன்னதிலே எண்கள் மாறா, பின்னதிலே மாறும். மாற்றிக் கணிக்கவேண்டிய இடத்திற் பெயரை மட்டும் சூட்டினால், பழைய கோலைக் கையில் வைத்துக்கொண்டு புதிய கோலால் அளந்ததாகச் சொல்வதை ஒக்கும்.

நான்காவது: பெயர் சிதைதல்

செய்நிரல் தொடங்கிவிட்டது, படைகள் வந்துவிட்டன, இடமும் சரியாக உள்ளது. ஆனால் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல் தோன்றுகின்றது. இதற்குக் காரணம் எழுத்துரு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியிருந்தனர். அட்டவணையிற் சேமிக்கப்பட்டது உண்மையில் ஆங்கில எழுத்தே. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தோன்றியது. புதிய முறைமையில் அவ்வெழுத்துரு நிறுவப்படாமையால் வேடம் கலைந்தது.

யூனிக்கோட் என்னும் ஒருங்குறியிலே தமிழுக்குத் தனி எண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியில் எழுதிய பெயர், எம்முறைமையிலும் எவ்வெழுத்துருவிலும் தமிழாகவே நிற்கும். பழைய எழுத்துருவில் எழுதிய பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள. மூல அட்டவணையின் பிரதியொன்றை வைத்துக்கொண்டே மாற்றுதல் வேண்டும்.

ஒருங்குறியில் எழுதிய பின்னும் ஷேப் கோப்பிலே ஓர் இடுக்கண் எஞ்சி நிற்கின்றது. யூரிஎவ்-8 என்னும் முறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். யாழ்ப்பாணம் என்னும் சொல் இலக்கண நூலார் எண்ணிக்கையில் ஆறெழுத்து. கணினியோ உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனி எண்ணி அதனைப் பதினொரு குறியீடாகக் கொள்ளும். இடமோ 33 பைட் செல்லும். அட்டவணையின் நிரற் பெயர்களுக்கு 10 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆகையால் ஊர் என்னும் சொல் ஒன்பது பைட்டில் அடங்கும். கிணறு என்னும் சொல் பதினைந்து பைட் ஆகையால் அடங்காது. உரை நிரலுக்கு உயர்ந்த அளவு 254 பைட். அதில் 84 தமிழ்க் குறியீடுகளே கொள்ளும். ஒதுக்கிய இடம் குறைவாயின் நெடும்பெயரின் கடைப்பகுதி வெட்டுண்டு போகும்.

இன்னும் ஒன்று. அட்டவணையில் உள்ளது எம்முறை எழுத்து என்பதைக் கூறச் சிபிஜி என்னும் சிறு கோப்பு உண்டு. அது விடுபட்டாற் செய்நிரல் ஊகித்தே வாசிக்கும். பழைய ஏடுகளிற் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவாய் நின்றன. வாசிப்போன் சொல்லறிந்து புள்ளியைத் தானே மனத்தில் இட்டு வாசித்தான். கணினிக்குச் சொல்லறிவு இல்லை. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் விட்ட புள்ளியைப் பதிப்பாசிரியர் திருத்தினார். கணினி விட்டதைத் திருத்த நாமே வேண்டும்.

ஓசையுள்ள பிழையும் ஓசையற்ற பிழையும்

இந்நான்கனையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். முதலிரண்டும் ஓசையோடு வருவன. செய்நிரல் தொடங்காவிட்டாலும் படை காணாவிட்டாலும் யாவர்க்கும் தெரியும், தேடித் தீர்ப்பர். தரவு பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். பின்னிரண்டும் ஓசையின்றி வருவன. படம் திறந்துவிட்டது என்ற மகிழ்ச்சியிலே, புள்ளி விலகியதையும் பெயரின் வால் அறுந்ததையும் காணாது சேமித்துவிடுவர். பின்னர் வருவோர்க்கு அப்பிழையே மூலமாகும். ஆகவே, செய்நிரல் இயங்கியது என்பதைக்கொண்டு புதுப்பித்தல் முடிந்ததாகக் கருதலாகாது. படம் சொன்னதையே சொல்கின்றதா என்று சோதித்த பின்னரே முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும்.

மாணாக்கர் செய்த படங்கள் பொறி மாற்றத்தால் எய்திய இடருக்கு ஆங்கில நாட்டு வரலாறு சான்று தருகின்றது. முதலாம் வில்லியம் அரசன் 1086இல் எழுதுவித்த டூம்ஸ்டே என்னும் நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனத்தார் புதிய பதிவொன்றைச் செய்வித்தனர். நாட்டை 4 கிலோமீற்றருக்கு 3 கிலோமீற்றரான கட்டங்களாகப் பிரித்து, பாடசாலைப் பிள்ளைகளும் ஊராரும் தத்தம் கட்டத்தைப்பற்றி எழுதினர்; புகைப்படமும் எடுத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கெடுத்தனர். அரசாங்க நில அளவைப் படங்களும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. யாவும் லேசர்த் தட்டுகளில் ஏற்றப்பட்டன. அத்தட்டை வாசிக்கும் கருவியோ தனிவகையானது, விலையும் மிகுந்தது. பதினைந்து ஆண்டு கழியுமுன்னே அக்கருவிகள் அருகிப்போயின. லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சியாளர், பழைய பொறியைப் போல நடிக்கும் செய்நிரலொன்றை அமைத்து 2002இல் அதனை மீண்டும் தோன்றச் செய்தனர். 2011இல் பி.பி.சி. நிறுவனத்தார் ஊர்ப்பகுதியை இணையத்தில் வெளியிட்டனர். 1086ஆம் ஆண்டு எழுதிய தோலேடோ இன்றும் வாசிக்கத்தக்கதாயிருக்கின்றது. பிள்ளைகளின் உழைப்பு ஒரு தனிப் பொறியினுள் அகப்பட்டதே அவ்விடருக்குக் காரணம்.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. அமெரிக்க இராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலே 1982இல் தொடங்கிய கிராஸ் என்னும் படச் செய்நிரல் இன்றும் வழங்குகின்றது. அது பிறந்த காலத்துப் பொறிகள் மறைந்தொழிந்தன. அதன் மூலநிரல் திறந்திருந்தமையால், தலைமுறை தலைமுறையாக வந்தோர் புதிய முறைமைகளுக்கேற்ப அதனைத் திருத்தி வந்தனர்.

செய்யத்தக்கவை

புதுப்பித்தலுக்கு முன்னும் பின்னும் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

1. முறைமையை மாற்றுமுன், படக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் பிரதி செய்க. பழைய கணினியை உடனே அழிக்கற்க.

2. செய்நிரலின் பெயர், பதிப்பெண், பயன்படுத்திய துணைநிரல்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க. கியூஜிஐஎஸ் செய்நிரலிலே பயனர் விவரக் கோப்புறை ஒன்றுண்டு. துணைநிரல்களும் குறியீடுகளும் அதனுள்ளே இருக்கின்றன. அதனையும் பிரதி செய்க.

3. ஒவ்வொரு படைக்கும் அதன் வலையமைப்பு யாது, எவ்வெழுத்துமுறை, எப்பொழுது யார் அளந்தது என்பவற்றை எழுதி உடன் வைக்க. செய்நிரல் மறந்தாலும் இவ்வெழுத்து மறவாது.

4. ஷேப் கோப்புகளை ஜியோபக்கேஜ் என்னும் வடிவிலும் சேமிக்க. 2014இல் உலகப் பொது நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இவ்வடிவிலே படைகளும் அட்டவணையும் வலையமைப்பு விவரமும் ஒரே கோப்பில் அடங்கும். எழுத்து ஒருங்குறியாகவே நிற்கும். பத்துப் பைட் இடுக்கணும் இல்லை. செய்நிரல் திறந்திருக்கும்போது இக்கோப்பின் பக்கத்தே துணைக்கோப்புகள் தோன்றுதல் உண்டு. ஆதலின் செய்நிரலை மூடிய பின்னரே பிரதி செய்க.

5. புதிய முறைமையில் திறந்தபின், நன்கறிந்த மூன்று இடங்களைக் கொண்டு சோதிக்க. நாட்டுப்படமாயின் பருத்தித்துறை வெளிச்சவீடும் மட்டக்களப்பு வெளிச்சவீடும் தெவிநுவர வெளிச்சவீடும் போதும். ஊர்ப்படமாயின் கோயிற் கோபுரமும் பாடசாலை வாயிலும் நாற்சந்தியும் கொள்க.

6. அட்டவணையிலுள்ள பெயர்களுள் மிக நீண்டவற்றைத் தேர்ந்து, கடைசி எழுத்துவரை வாசித்துப் பார்க்க. உருப்படிகளின் தொகையை முன்பிருந்த தொகையோடு ஒப்பிடுக.

7. முடிந்த படத்தைக் காகிதத்திலும் அச்சிட்டு, வலையமைப்பின் எண்களை ஓரத்திற் பொறித்து நூலகத்தில் வைக்க.

இவை பெரிய வேலைகளல்ல. ஒரு வகுப்பின் மாணாக்கர் இருவர் அல்லது மூவர் கூடி ஒரு சனிக்கிழமையில் முடிக்கத்தக்கவை. படம் வரையக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் பாடத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளுதல் தகும். எப்பொறி வந்தாலும் படத்தை அதற்குள் கொண்டு செல்லும் வகையை அறிந்தவனே படக்கலை பயின்றவனாவான். ஒரு பொறியின் பொத்தான்களை மட்டும் அறிந்தவன் அப்பொறி மாறும்போது மீண்டும் முதல்வகுப்புக்குச் செல்லவேண்டியவனாவான்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுட் சிலர் நில அளவையிலும் நீர்ப்பாசனத்திலும் கமத்தொழிலிலும் பணியாற்றியவர்கள். உங்கள் வீட்டு அலுமாரிகளிற் பழைய கணினிகளும் வட்டுகளும் கிடத்தல் கூடும். அவற்றினுள்ளே உங்கள் ஊரின் கிணறும் துரவும் காணிப்பெயரும் கொண்ட படங்கள் இருக்குமாயின், பொறி முற்றாக நிற்குமுன் அவற்றை வெளியே எடுத்து, மேற்கூறிய முறைப்படி மாற்றி, ஊர் நூலகத்துக்கோ பாடசாலைக்கோ ஒரு பிரதி அளியுங்கள். குடிபெயர்ந்த ஊர்களிலே பெயர் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்கள் சொல்லியதை ஒருமுறை எழுதிவிட்டோம் என்று நாம் ஆறியிருத்தல் கூடாது. பொறி மாறுந்தோறும் அவ்வெழுத்தை மீண்டும் பெயர்த்து எழுதுதல் வேண்டும். ஏடு எழுதிக் காத்த குலத்தவர்க்கு இது புதிய தொழிலன்று.

யூபிலி காணும் இக்கல்லூரியின் இளமாணாக்கர் இப்பணியை மேற்கொண்டு, தத்தம் ஊரின் படமும் பெயரும் பின்வருவோர்க்குப் பிழையின்றிச் சேர உழைப்பாராக.